வாய்க்கால் வரைக்கும்

ஜனவரி 9

தியாகேசன் வந்திருந்தான். வாயில் பாக்கு. பேசும்போது நான் விரித்து வைத்திருந்த செய்தித்தாள் மேல் சிவப்பாக ஒரு துளி தெறித்தது. வருத்தம் தெரிவிக்கவில்லை, கட்டை விரலால் தேய்த்துவிட்டு மேலே பேசினான். அவன் படியிறங்கியதும் அந்தத் தாளைச் சுருட்டிக் குப்பையில் போட்டேன். ராசிபலன் படிக்காமலே போயிற்று.

வந்த விஷயம் இது. நம் ஊர் வேங்கைக்கரைச் சேலைக்குப் புவிசார் குறியீடு வாங்கப் போகிறார்களாம். நெசவாளர் சங்கத்துக்கு அவன்தான் செயலாளர். குறியீடு கிடைத்துவிட்டால், குறித்த எல்லைக்குள் கைத்தறியில் நெய்ததை மட்டுமே அந்தப் பெயர் சொல்லி விற்கலாம். வேறு எவன் பெயரைப் போட்டாலும் வழக்குப் போடலாம். விண்ணப்பத்தோடு எல்லையைக் காட்டும் வரைபடம் ஒன்று வைக்க வேண்டுமாம்.

“தாலுகா சர்வே ஆபீஸ்ல காலம் பூரா படம் போட்ட கை மாமா இது. உங்கள விட்டா இந்த ஊர்ல யாரு இருக்கா?”

முகஸ்துதி எனக்கு ஆகாது. சரி என்றேன். ரிடையர் ஆகி ஐந்து வருஷமாக என் டிராயிங் போர்டில் என் மனைவி அரசி அப்பளம் காய வைக்கிறாள்.

ஜனவரி 12

பஸ் ஸ்டாண்டுக் கடையில் ஒரு சேலை தொங்கியது. ‘ஒரிஜினல் வேங்கைக்கரை.’ கையில் எடுத்தேன். ரெக்சின் மாதிரி வழுக்கல். நம் சேலைக்கு அடையாளமே கரைதான். உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு ஒரு நிறம். சேருகிற இடத்தில் இரண்டு நூலும் ஒன்றையொன்று கோத்துக்கொண்டு நிற்கும். அதனால்தான் கோர்வைக் கரை என்று பெயர். திருப்பிப் பார்த்தாலும் அதே முகம், உள்பக்கம் என்று ஒன்று கிடையாது. இதைத் திருப்பினேன். வெட்டிவிட்ட நூல்கள் பூச்சிக் கால் மாதிரி நீட்டிக்கொண்டு நின்றன. தொட்ட விரலைக் கர்ச்சீப்பில் துடைத்துக்கொண்டேன்.

தியாகேசன் பாக்குப் போட்டாலும் சொல்வது நியாயம். இந்தக் கண்றாவியை நிறுத்த வேண்டும்.

ஜனவரி 19

பொங்கல் சந்தடி அடங்கி இன்றுதான் கணக்கெடுப்பு. நான்கு தெருவும் நடந்தேன். ஃபீல்டு புக்கில் வீடு வீடாகக் குறித்தேன்: வீட்டு எண், தறி எத்தனை, ஓடுகிறதா இல்லையா.

தறி இருக்கிற வீடு முப்பத்தேழு. ஓடுகிற தறி ஒன்பது. மற்றதில் ஒன்றின் குழிக்குள் கோழி அடை காக்கிறது. இன்னொன்றில் பாவு நூல் இருக்க வேண்டிய இடத்தில் ஈரப் பனியன் காய்கிறது. ஆனால் கொல்லைப்பக்கம் எங்கே போனாலும் தடதடவென்று ஒரே சத்தம். தகர ஷெட்டுக்குள் விசைத்தறி. கேட்டால், “அது வேற ஐட்டம் மாமா, லுங்கி” என்கிறார்கள். லுங்கிக்குச் சேலைக் கரை எப்போதிலிருந்து?

தியாகேசன் வீட்டு முன்ஹாலில் ஒரு கைத்தறி. துடைத்துப் பொட்டு வைத்து மாலை போட்டிருக்கிறது. பின்னால் ஷெட்டில் ஆறு விசைத்தறி. அதையும் குறித்துக்கொண்டேன். பார்த்ததை விடாமல் குறிப்பது என் பழக்கம்.

ஓடுகிற ஒன்பதில் கோர்வைக் கரை போடுகிற தறி ஒன்றுகூட இல்லை. “அதுக்கு ஜோடியா ரெண்டு பேரு உக்காரணும். யாரு உக்காருறா?” என்றார்கள். அப்படியானால் சங்கத்துக் கடையில் அடுக்கியிருக்கிற சேலையெல்லாம் எங்கிருந்து வருகிறது?

ஜனவரி 20

ராஜன் வாய்க்காலுக்குத் தெற்கே போனேன். காலனி. இந்த ஊரிலேயே பிறந்து அறுபத்து மூன்று வயதாகிறது, பாலம் தாண்டி அந்தத் தெருவுக்குள் போனதில்லை. வேலை இருந்ததில்லை. அளக்கப் போனவர்கள் சர்வேயர்கள். நான் உட்கார்ந்து வரைகிறவன்.

வாய்க்கால் நாற்றம் சொல்லி முடியாது. நம் தெருச் சாயப்பட்டறைத் தண்ணீர் முழுக்க அதில்தான் இறங்குகிறது. இன்றைக்கு நீலம். மூக்கைப் பொத்திக்கொண்டு பாலத்தைக் கடந்தேன்.

அங்கே நாற்பத்தோரு தறி. நாற்பத்தொன்றும் ஓடுகிறது. நாற்பத்தொன்றிலும் கோர்வைக் கரை.

வெற்றிச்செல்வி என்று ஒரு பெண். முப்பத்தைந்து வயதிருக்கும், பிளஸ் டூ படித்தவள். தறியில் உட்கார்ந்தபடியே காட்டினாள். குறுக்கு நூலைச் சுமந்து ஓடுகிற நாடா மூன்று. இரண்டு கரைக்கும் பக்கத்துக்கு ஒன்று, நடுவுக்கு ஒன்று. கரை நாடா ஓடி வந்து நிற்கிறது. நடு நாடா வந்து அதன் நூலைக் கோத்துக்கொண்டு திரும்புகிறது. பக்கத்தில் அவள் புருஷன் இளங்கோ. இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை, ஒரு நூல் தப்பவில்லை.

“இத மிஷின்ல போட முடியாதுங்க ஐயா. மிஷின் நாடா இந்தக் கோடியிலேருந்து அந்தக் கோடிக்குப் போயிட்டு வந்துரும். பாதியில நின்னு திரும்பத் தெரியாது.”

“யார்கிட்ட கத்துக்கிட்டே?”

“எங்க தெருவுல இது போடாத வீடு ஏதுங்க? உங்க சங்கத்துக் கடைக்கே இங்கேருந்துதானே போவுது.”

பதில் கிடைத்துவிட்டது. இரண்டு வருஷமாக இவள் சங்கத்துக்குக் கொடுப்பதை நிறுத்திவிட்டாளாம். போனில் படம் அனுப்பித் தானே விற்கிறாள். இன்னும் பத்துப் பன்னிரண்டு வீடு அவளோடு சேர்ந்துகொண்டது. தியாகேசன் இதைப் பற்றி என்னிடம் மூச்சு விடவில்லை.

டீ கொண்டுவந்தாள். வயிற்றில் புண், டீ கூடாதென்று டாக்டர் சொல்லியிருக்கிறார் என்றேன். சரி என்று தலையாட்டி டம்ளரைத் திரும்ப எடுத்துப் போனாள். வரும் வழியில் பஸ் ஸ்டாண்டில் வடையும் டீயும் சாப்பிட்டேன். வடையில் எண்ணெய்ச் சிக்கு.

பிப்ரவரி 3

படம் முடிந்தது. வடக்கே ஏரிக்கரை, தெற்கே காலனியின் கடைசித் தெரு. கோடு நடுங்கவில்லை. அரசிகூட எட்டிப் பார்த்து, “கண்ணு இன்னும் நல்லாத்தான் இருக்கு” என்றாள்.

பிப்ரவரி 5

தியாகேசன் படத்தைப் பார்த்தான். விரலை வாய்க்கால் மேல் வைத்தான். எச்சில் விரல். டிரேசிங் பேப்பரில் ஈரம் பட்டுவிட்டது.

“அருமை மாமா. ஆனா தெக்கால ரொம்பப் போயிட்டீங்க.”

“தறி அங்கதானே இருக்கு?”

“இருக்கட்டும். அது வேற வருவாய் கிராமம். உங்களுக்குத் தெரியாததா? பேரு வேங்கைக்கரைன்னு வெச்சுக்கிட்டு அடுத்த கிராமத்தச் சேத்தா ஆபீஸ்ல கேள்வி கேப்பான்.”

வருவாய்க் கணக்கில் அது உண்மை. ரேஷன் கடை ஒன்று, பள்ளிக்கூடம் ஒன்று, பஸ் ஸ்டாப் ஒன்று. வருவாய் கிராமம் மட்டும் வாய்க்காலோடு முடிகிறது.

“அவங்க பொழப்பு?”

“நாம என்ன அவங்க கையையா கட்டப் போறோம்? நெய்யட்டும். பழையபடி நம்மகிட்ட குடுக்கட்டும். நம்ம முத்திரையில போவட்டும். தனியா கடை விரிக்கிறதுதான் கூடாது.” பிறகு குரலைத் தாழ்த்தினான். “அவளும் வேங்கைக்கரைன்னு விப்பா, நாமளும் வேங்கைக்கரைன்னு விப்போம். வாங்குறவன் அவங்களையும் நம்மளையும் ஒண்ணுன்னு நெனைச்சுப்பான் மாமா.”

என் வீட்டுக் கூடத்தில், என்னையும் அரசியையும் தவிர யாரும் இல்லாதபோது, எதற்கு இந்த ரகசியக் குரல்? அதுவும் ‘நம்மளையும்’ என்று சொல்லும்போது என் முட்டியைத் தொட்டான். வேட்டியை மாற்றிக்கொள்ளத் தோன்றியது.

எல்லைக்கு வெளியே நெய்ததை உள்ளே கொண்டுவந்து முத்திரை குத்தினால் அது மட்டும் போலி இல்லையா என்று கேட்க நினைத்தேன். அதற்குள் அவன் எழுந்துவிட்டான்.

பிப்ரவரி 6

வாய்க்கால் வரைக்கும் போட்டேன். வருவாய் எல்லைப்படி சரி.

பிப்ரவரி 7

“அந்தப் பக்கம் போட்டிருந்தீங்களே, அது எங்க?” என்றாள் அரசி. ஸ்கேல் மாற்றினேன் என்றேன்.

ஸ்கேல் மாற்றவில்லை.

ஜூன் 14

நிபுணர் குழு நேரில் பார்க்க வந்தது. தியாகேசன் வீட்டு வாசலில் வாழைமரம், பன்னீர்ச் செம்பு, நாதஸ்வரம். தறியைப் பார்க்க வந்தவர்களா, பெண் பார்க்க வந்தவர்களா என்று தெரியவில்லை. பன்னீர் பட்டு என் சட்டையில் கறை.

முன்ஹால் தறியில் பாவு ஏற்றியிருந்தார்கள். நெய்து காட்ட ஆள்? நம் பக்கம் நான்கு தெருவிலும் கோர்வை போடத் தெரிந்த கை ஒன்று இல்லை. வெற்றிச்செல்வியையும் இளங்கோவையும் கூட்டி வந்திருந்தார்கள். கொல்லை வழியாக. “எல்லார் பேரும் விண்ணப்பத்துல இருக்கு. நீ வந்து நெய்தாத்தான் எல்லாருக்கும் கெடைக்கும்” என்று சொல்லி அழைத்தார்களாம். “கேள்வி கேட்டா நான் பேசிக்கிறேன், நீ வாயத் தெறக்காதே” என்றும் தியாகேசன் சொல்லியிருக்கிறான். இதை அவனே பெருமையாக என்னிடம் சொன்னான்.

முதலில் தியாகேசனின் மச்சினி பட்டுச்சேலை கட்டித் தறியில் உட்கார்ந்து படம் எடுத்துக்கொண்டாள். நாடாவைச் சப்பாத்திக் கட்டை மாதிரி பிடித்திருந்தாள். பிறகு அவளை எழுப்பிவிட்டு இவர்களை உட்கார வைத்தார்கள். புகைப்படக்காரனிடம், “மூஞ்சி வேணாம், கையை மட்டும் எடு” என்றான் தியாகேசன். வெற்றிச்செல்வியின் இடது மணிக்கட்டில் சாயக் கொப்பரை சுட்ட தழும்பு ஒன்று, வெற்றிலை அளவு. அதோடு எடுத்தார்கள்.

குழுவில் ஒரு பேராசிரியை. என் படத்தை விரித்து வைத்துக்கொண்டு, “எல்லை ஏன் வாய்க்கால்ல நிக்குது?” என்று என்னிடம் கேட்டார்.

“வருவாய் எல்லைங்க.”

“அந்தப் பக்கம் நெசவு இருக்கா?”

“சொல்லிக்கிற மாதிரி இல்லைங்க” என்றேன்.

எனக்குப் பின்னால் நாலடி தூரத்தில் நாடா நின்றது. அப்புறம் மறுபடி ஓடியது. நான் திரும்பிப் பார்க்கவில்லை.

சாப்பாடு வாழை இலையில். அவியல் ஊசிப்போயிருந்தது, வெயிலில் வைத்துவிட்டார்கள். நெய்தவர்கள் இரண்டு பேருக்கும் கொல்லைச் சுவர் மேல் பொட்டலம் வைத்திருந்தார்கள். கை கழுவப் போனபோது பார்த்தேன். பொட்டலம் அப்படியே இருந்தது, அவர்கள் போய்விட்டார்கள். ஒரு நாய் சுவரில் முன்காலை வைத்து எம்பிக்கொண்டிருந்தது.

பாயசத்தைத் தொடாமல் இலையை மூடிவிட்டேன்.

செப்டம்பர் 8

விண்ணப்பம் அரசுப் பதிவிதழில் வெளியாகிவிட்டது. ஆட்சேபம் இருந்தால் மூன்று மாதத்துக்குள் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் பதிவு. கடைத்தெருவில் பேனர். தியாகேசன் நடுவில், சுற்றிச் சின்னச் சின்ன வட்டத்தில் நாங்கள். என் பெயருக்கு மேலே ‘வரைபடச் சிற்பி’ என்று போட்டிருக்கிறார்கள். இந்த அசிங்கத்தை யார் கேட்டார்கள்? மீசையை வேறு கறுப்பாக்கியிருக்கிறார்கள்.

கடைத்தெருவுக்கு இன்று மூன்று முறை போக வேண்டியிருந்தது.

செப்டம்பர் 26

காலையில் வெற்றிச்செல்வி வந்தாள். கேட்டுக்கு வெளியே நின்றாள். அரசிதான், “உள்ள வாம்மா, ஏன் வெயில்ல நிக்கிறே?” என்றாள். வந்து கூடத்தில் நாற்காலியில் உட்கார்ந்தாள். கையில் வக்கீல் நோட்டீஸ். ‘வேங்கைக்கரை’ என்ற பெயரில் சேலை விற்றால் சட்ட நடவடிக்கை என்று சங்கம் அனுப்பியது. இன்னும் பதிவே ஆகவில்லை, அதற்குள். அவளிடம் வாங்குகிற கடைகளுக்கும் நகல் போயிருக்கிறது. இரண்டு கடை ஆர்டரை நிறுத்திவிட்டதாம்.

“இந்த மேப்பு நீங்க போட்டதுதானுங்களே ஐயா?”

“ஆமாம்மா. வருவாய் எல்லைப்படி...”

“அது தெரியுங்க. அதக் கேக்க வரல.” அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை, குரலும் ஏறவில்லை. “நீங்க எங்க தெருவுக்கு வந்தன்னைக்கு ஒரு நோட்டுல வீடு வீடா எழுதுனீங்க. என் தறிக்கு வந்தப்ப இருபத்தி மூணுன்னு வாய்விட்டுச் சொன்னீங்க. அந்த நோட்டு வேணும்.”

“எதுக்கு?”

“நாங்க ஆட்சேபம் போடுறோம். நாப்பத்தொரு தறிக்காரங்க கையெழுத்தும் வாங்கியாச்சு. வக்கீலும் பாத்தாச்சு. ஆனா, குறியீடு வரப்போவுதுன்னு தெரிஞ்சு நேத்துத்தான் தறி போட்டாங்கன்னு அவங்க சொல்லுவாங்க. உங்க நோட்டுல ஜனவரின்னு தேதி இருக்குமே.”

“அந்த நோட்டு கரையான் அரிச்சுப்போச்சும்மா.”

என்னையே பார்த்தாள். “சரிங்க” என்று எழுந்தாள். வாசல் வரை போய்த் திரும்பினாள். “அன்னைக்கு அந்தம்மா கேட்டதுக்கு நீங்க சொன்னது என் காதுல விழுந்துச்சுங்க ஐயா.”

அவள் போன பிறகு அரசி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு என் எதிரே உட்கார்ந்தாள்.

“எனக்குத் தெரிஞ்சு நம்ம வீட்ல கரையான் கெடையாதுங்க.”

செப்டம்பர் 27

நோட்டு பீரோவில் மேல்தட்டில் இருக்கிறது. நேற்றும் தெரியும்.

செப்டம்பர் 28

வயிற்றுப் புண் எனக்கு எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. இதையும் எழுதிவைக்கிறேன். ஊரில் ஒவ்வொருத்தனைப் பார்த்தும் முகம் சுளித்து ஒன்பது மாதமாகப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறேன். இன்று முதலிலிருந்து படித்துப் பார்த்தேன். பாக்கு, எச்சில், எண்ணெய்ச் சிக்கு, ஊசிப்போன அவியல். நாலு பேர் முன்னால் புளுகியதை அவியலுக்கு நடுவே ஒரு வரியில் ஒளித்து வைத்திருக்கிறேன்.

சீ.

அக்டோபர் 3

நோட்டைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். வெற்றிச்செல்வி தறியை விட்டு எழுந்திருக்கவில்லை.

“கரையான் விட்டு வெச்சுதுங்களா?” என்றாள். இளங்கோ வாங்கிப் புரட்டினான். அவர்கள் வீட்டு வரியை அவளிடம் காட்டினான்.

“இது மட்டும் பத்தாதுங்க ஐயா. இது உங்க எழுத்துதான், எங்க தறியை நீங்க கண்ணால பாத்தீங்கன்னு வந்து சொல்லணும். அந்தம்மா கேட்டப்ப மாத்திச் சொன்னதையும் சேத்துச் சொல்லணும். இல்லாட்டி நோட்டக் குடுத்து என்ன புண்ணியம்?”

சொல்கிறேன் என்றேன்.

டீ வரவில்லை. வந்திருந்தால் குடித்திருப்பேன் என்று எழுத வந்தேன். அதுவும் புளுகாக இருக்கலாம். தெரியவில்லை.

நவம்பர் 11

ஆட்சேப மனு போய்ச் சேர்ந்துவிட்டது. என் வாக்குமூலமும் அதில் இருக்கிறது. தியாகேசன் வந்தான், பாக்கு இல்லாமல்.

“ஏன் மாமா இப்படிப் பண்ணுனீங்க? அந்தாளுங்களுக்கு நம்ம சொத்தத் தூக்கிக் குடுக்கவா?”

“எது நம்ம சொத்து? உன் ஷெட்ல ஓடுறதா?”

“உங்க பொண்ணு எங்க சித்தப்பா வீட்லதான் வாழுது. நெனப்பு வெச்சுக்குங்க.”

அரசி சமையலறையிலிருந்து வெளியே வந்தாள். “என் பொண்ணுகிட்ட நேத்தே பேசிட்டேன். ‘அப்பா இதையாவது ஒழுங்காப் பண்ணட்டும்’னு சொல்லுச்சு. நீ கெளம்பு தியாகேசு.”

‘இதையாவது.’ மகள் அப்படித்தான் சொன்னாளா என்று அரசியிடம் இரண்டு தடவை கேட்டேன். அப்படித்தான் சொன்னாளாம்.

நவம்பர் 13

பேனரில் என் வட்டத்தை மட்டும் பிளேடால் கீறி எடுத்துவிட்டார்கள்.

நவம்பர் 14

வாசலில் ஊற்றிவிட்டுப் போயிருக்கிறார்கள். சாணி இல்லை. நானே கழுவினேன். அரசி தண்ணீர் மொண்டு கொடுத்தாள். நான்கு வாளி, அரைப் பாக்கெட் பிளீச்சிங் பவுடர். குமட்டலில் இரண்டு தடவை வாய்க்கு வந்தது. எதிர் வீட்டில் ஜன்னலைச் சாத்திக்கொண்டார்கள். ஒரு வருஷமாகத் தினம் என் பேப்பரை வாங்கிப் போய்ப் படித்தவர்கள்.

மத்தியானம் சாப்பாடு இறங்கியது. எனக்கே ஆச்சரியம்.

பிப்ரவரி 21

சென்னையில் விசாரணை. ரயிலில் வெற்றிச்செல்வியும் இளங்கோவும் அதே பெட்டியில் இருந்தார்கள், நான் தள்ளி வேறு இருக்கையில் உட்கார்ந்தேன். அவர்கள் அழைக்கவில்லை, நானும் கேட்கவில்லை.

சங்கத்து வக்கீல் என்னைத்தான் முதலில் பிடித்தார்.

“நீங்க போட்ட படம் தப்புன்னு நீங்களே சொல்றீங்க?”

“ஆமாங்க.”

“அப்ப தெரியாம போட்டீங்களா?”

“தெரிஞ்சுதான் போட்டேன். முதல்ல சரியாப் போட்டேன். அப்புறம் அவங்கள வெளியில விடச் சொன்னாங்க, விட்டேன். குழு கேட்டப்பவும் பொய் சொன்னேன்.”

“ஏன்?”

தொழில்நுட்பக் காரணம் ஏதாவது சொல்லியிருக்கலாம். வாயில் வந்தது வேறு. “அவங்க என் தெருக்காரங்களோட ஒண்ணாயிடுவாங்கன்னு சொன்னாங்க. எனக்கும் அது பிடிக்கல.”

உட்காரச் சொன்னார்கள்.

அதற்கப்புறம் நடந்ததுதான் வழக்கை முடித்தது. அதில் எனக்குப் பங்கு எதுவும் இல்லை. வெற்றிச்செல்வியைக் கூப்பிட்டார்கள். சங்கத்து வக்கீல், “காலனியில இந்தத் தொழில் பரம்பரையா நடக்குதுங்கறதுக்கு என்ன ஆதாரம்?” என்றார். அவள் சங்கத்தின் விண்ணப்பத்தையே கேட்டு வாங்கினாள். ‘பாரம்பரிய நெசவாளரின் கைவண்ணம்’ என்று ஏழாம் எண் போட்ட புகைப்படத்தைத் திருப்பி மேஜை மேல் வைத்தாள். பக்கத்தில் தன் இடது கையை வைத்தாள். வளையலை மேலே தள்ளினாள்.

“இது எம் மணிக்கட்டுங்க. இந்தத் தழும்பு பாருங்க. இவங்க ஆதாரமா வெச்சிருக்கறதே எங் கைதான். மூஞ்சியத்தான் வெட்டிட்டாங்க.”

விசாரித்த அதிகாரி கண்ணாடியைக் கழற்றி, மாட்டி, இரண்டு தடவை பார்த்தார். பிறகு தியாகேசனிடம், “உங்க உறுப்பினர்கள்ல கோர்வைக் கரை போடத் தெரிஞ்ச ஒருத்தர் பேரு சொல்லுங்க” என்றார். தியாகேசன் வக்கீலைப் பார்த்தான். வக்கீல் கடிகாரத்தைப் பார்த்தார்.

வெளியே வரும்போது வராந்தாவில் வெற்றிச்செல்வி என்னைக் கடந்து போனாள். நன்றி சொல்வாள் என்று எதிர்பார்த்து நின்றேன் போலிருக்கிறது. இல்லாவிட்டால் கதவருகில் அவ்வளவு நேரம் நின்றிருக்க மாட்டேன்.

ஏப்ரல் 18

உத்தரவு வந்துவிட்டது. இரண்டு கிராமமும் எல்லைக்குள். மூன்று நாடாவில் கையால் போட்ட கோர்வைக் கரைக்கு மட்டுமே பெயர். சங்கமும் காலனி நெசவாளர் குழுவும் கூட்டு விண்ணப்பதாரர்கள். புது வரைபடம் வைக்க வேண்டும்.

டிவியில் தியாகேசன். கழுத்தில் மாலை. “வாய்க்காலுக்கு ரெண்டு பக்கமும் ஒரே குடும்பம்தாங்க. ஆரம்பத்துலேருந்து எங்க சங்கம் இதுக்குத்தான் பாடுபட்டுது.” பின்னால் ஷெட்டிலிருந்து விசைத்தறிச் சத்தம் பேட்டி முழுக்கக் கேட்டது. அரசி சேனலை மாற்றினாள். நான் எழுந்துபோய் முகம் கழுவிக்கொண்டேன்.

ஏப்ரல் 24

வெற்றிச்செல்வி வந்தாள். புதுப் படத்தை நான்தான் போட வேண்டும் என்றாள். மனசு கொஞ்சம் துள்ளியது, ஒளிப்பானேன். உடனே அவளே சொன்னாள்: “வேற ஆள் பாத்தோங்க. மே கடைசி ஆவும்னாரு. எங்களுக்கு அவ்வளவு நாள் இல்ல.”

மே 2

ஒரு வாரமாகத் தினமும் காலையில் காலனிக்குப் போய் வந்தேன். அவள் கூடவே நடந்தாள். ஒவ்வொரு வீட்டையும் அவள் சொன்ன பிறகுதான் குறித்தேன். இன்று மையில் இழுத்து முடித்த படத்தை அவள் வீட்டிலேயே விரித்தேன். விரலைத் தாளில் படாமல் ஒரு அங்குலம் மேலே ஓட்டிக்கொண்டே வந்தாள். தெருத் தெருவாக. ஒரு இடத்தில் நிறுத்தினாள்.

“குட்டைக்கு அந்தாண்ட ரெண்டு வீடு விட்டுப்போச்சு.”

“அங்க தறி இருக்கா? நேத்து பூட்டியிருந்துச்சே.”

“வெளியூர் போயிருந்தாங்க. நேத்து பூட்டியிருந்தா வீடு இல்லன்னு ஆயிருமா?”

எழுந்து போய்ப் பார்த்தேன். இரண்டு வீடு, மூன்று தறி. எல்லைக் கோட்டைச் சுரண்டி எடுத்துவிட்டுக் குட்டையைச் சுற்றி மறுபடி போட்டேன். வெயிலில் கண் எரிந்தது. அவள் ஒரு டம்ளர் தண்ணீர் வைத்தாள். குடித்தேன், தாகம். அதைப் பற்றி வேறொன்றும் எழுதுவதற்கில்லை.

கடைசியில் வலது மூலையில் பெயர் எழுதச் சின்ன நிப்பை எடுத்தேன்.

“உங்க பேரு வேணாங்க ஐயா.”

“வரைஞ்சவங்க பேரு போடுறதுதான் முறைங்க.”

“முறைதாங்க. முந்தின படத்துலயும் முறையாப் போட்டிருந்தீங்க.”

அவள் குரலில் கோபம் இல்லை. வாசலில் ஐந்தாறு பேர் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். இளங்கோ முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

“அப்ப யார் பேரப் போட?”

“‘நெசவாளர்கள் காட்டியபடி வரையப்பட்டது’ன்னு எழுதுங்க. அதான நடந்துச்சு?”

எனக்கு முகம் சுட்டது. இவ்வளவு செய்தேனே, வாசலில் கொட்டியதைக் கழுவினேனே, சொந்தக்காரர்களைப் பகைத்துக்கொண்டேனே என்று உள்ளே ஒன்று எழுந்து நின்றது. கூலி கேட்டு நிற்கிற அந்த முகத்தை எனக்கு நன்றாகவே அடையாளம் தெரிந்தது. இந்த ஒன்றரை வருஷத்தில் எதைப் பார்த்தும் எனக்கு இத்தனை அருவருப்பு வந்ததில்லை.

எழுதினேன். மை காய்வதற்கு முன் அவள் குனிந்து ஒவ்வொரு எழுத்தாகப் படித்தாள். ‘ர்’ மேல் ஒரு புள்ளி விட்டுப்போயிருந்தது. காட்டினாள். வைத்தேன். சுருட்டி எடுத்துக்கொண்டு, பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் என்று போய்விட்டாள்.